ஆயுள் நீட்டிப்பு: ஒரு சிஎஸ்கே ரசிகனின் புகார்

இந்த எபிசோடை நெய்வேலியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். ஒர்க் ஃப்ரம் ஹோம் சொல்லிட்டு ஊருக்கு வந்திருக்கேன். நடுவுல மயில் சத்தமோ குக்கர் விசிலோ கேட்டா அது எங்க குவார்ட்டர்ஸ்தான், எடிட்ல எடுக்கப் பார்த்தேன், முடியல.

2025 டிசம்பர் 16, அபுதாபியில ஐபிஎல் ஏலம். அப்பா ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாத்தாம டிவி முன்னாடி உட்கார்ந்தார். பிரசாந்த் வீர், வயசு 20. விலை ஏறிக்கிட்டே போய் 14.20 கோடியில நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல கார்த்திக் சர்மா, வயசு 19. அவரும் அதே 14.20 கோடி. ரெண்டு பேருமே இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு ஐபிஎல் ஏலத்துல யாரும் இவ்வளவு கொடுத்ததும் இல்லை. வாங்கினது சென்னை சூப்பர் கிங்ஸ்.

அப்பா கேட்டார்: "ஏன்டா, இத்தனை வருஷமா எங்கடா இருந்தாங்க?"

அந்தப் பசங்களைக் கேக்குறார்னு நெனச்சு, ஒருத்தர் உத்தரப் பிரதேசம், ஒருத்தர் ராஜஸ்தான்னு சொல்ல ஆரம்பிச்சேன். "பசங்கள இல்லடா, மேனேஜ்மென்ட்டச் சொல்றேன்"னார்.

இந்த எபிசோடு அந்தக் கேள்விதான். 5 கோப்பை ஜெயிச்ச ஒரு நிர்வாகம் 2025ல 10 டீம்ல 10வது இடத்துக்கு எப்படி வந்தது? முன்கூட்டியே சொல்லிடுறேன், நான் நடுநிலையான ஆள் கிடையாது. 11 வயசுல இருந்து மஞ்சள் சட்டை போடுறவன். அந்தக் கோபத்தோடதான் பேசுறேன்.

கதை ஆரம்பிக்கிறது 2008ல. இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி சென்னை டீமை 91 மில்லியன் டாலருக்கு வாங்குது. முதல் டீமைக் கட்டின வேலையில முக்கியமான ஆள் வி.பி. சந்திரசேகர். இந்தப் பேரு நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நின்னுட்டுப் போறேன். தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயிச்சது ரெண்டே தடவை, 1954-55லயும் 1987-88லயும். ரெண்டாவது தடவை ஜெயிச்ச டீம்ல அவர் இருந்தார். அதுக்கப்புறம் அதே சேப்பாக்கத்துல இரானி கோப்பை மேட்ச்ல 56 பந்துல சதம் அடிச்சவர். டி20ங்கிற வார்த்தையே இல்லாத காலம் அது. தோனி மேல பணத்தைக் கொட்டணும்ங்கிற முடிவுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தோனிக்குக் கொடுத்தது 15 லட்சம் டாலர், அந்த ஏலத்துலயே அதிகம்.

ஆனா தோனியை எல்லாரும் பேசிட்டோம். நான் சொல்ல வர்றது அந்த டீமோட மத்த பாதி. பத்ரிநாத், பாலாஜி, அனிருத்தா ஸ்ரீகாந்த், வித்யுத் சிவராமகிருஷ்ணன், பழனி அமர்நாத், அஸ்வின். எல்லாம் இங்க லீக் கிரிக்கெட்ல, ரஞ்சியில வெயில்ல காஞ்சவங்க. அடுத்த வருஷம் முரளி விஜய் வந்தார். உள்ளூர் மைதானங்களைத் தினமும் பார்க்கிற கண்ணு அந்த நிர்வாகத்துக்கு இருந்தது. 2011 ஃபைனலை யோசிச்சுப் பாருங்க. சேப்பாக்கம், எதிர்ல பெங்களூரு. முரளி விஜய் 95. கிறிஸ் கெய்லை முதல் ஓவர்லயே பூஜ்யத்துக்கு அனுப்பினது அஸ்வின். அந்த ஊர்ப் பசங்க, அந்த ஊர் பிட்ச்ல, அந்த ஊர்க் கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்தாங்க.

எங்க வீட்டுக்கும் அந்த வருஷங்கள் ஸ்பெஷல். 2012ல தமிழ்நாடு முழுக்க கரண்ட் கட்டுல தவிச்சுக்கிட்டிருந்தப்போ எங்க டவுன்ஷிப்ல அந்தத் தொல்லை பெருசா இல்ல. பண்ருட்டியில இருந்து சித்தப்பா குடும்பமே ஒரு பலாப்பழத்தைத் தூக்கிட்டு மேட்ச் பார்க்க வந்துடுவாங்க. அந்த வருஷ ஃபைனல்ல கொல்கத்தாகிட்ட 2 பந்து மிச்சம் இருக்கும்போது தோத்தோம். பலாப்பழத்தை யாரும் தொடல.

சரி, எப்போ மாறிச்சு? சூதாட்ட விவகாரத்துல 2 வருஷத் தடை, 2018ல திரும்பி வந்தப்போ வயசான டீம்னு ஊரே கிண்டல் பண்ணுச்சு. ஃபைனல்ல 36 வயசு வாட்சன் 117 அடிச்சு கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நான் காலேஜ் ஹாஸ்டல்ல மேசை மேல ஏறி ஆடினேன். இன்னைக்கு யோசிச்சா, அந்த ராத்திரிதான் நம்ம நிர்வாகம் ஒரு பாடத்தைத் தப்பாப் படிச்சுதுன்னு தோணுது. "தெரிஞ்ச ஆளை நம்பு, பொறுமையா இரு, மாத்தாதே." இதுல பாதி சரி. அவங்க பழைய வெற்றிக்கு ரெண்டு காரணம் இருந்தது. ஒண்ணு, ஆளை முன்னாடியே கண்டுபிடிக்கிறது. ரெண்டு, கண்டுபிடிச்ச ஆளை நம்புறது. ரெண்டாவதை மட்டும் வெச்சுக்கிட்டு முதலாவதை விட்டுட்டாங்க.

இதுக்கு ஆதாரமா நான் எப்பவும் காட்டுறது ஜெகதீசனை. கோயம்புத்தூர்ப் பையன், விக்கெட் கீப்பர். 2020, யுஏஇயில நடந்த சீசன். கேதார் ஜாதவ் கொல்கத்தாவுக்கு எதிரா சேஸிங்ல 12 பந்துல 7 ரன் எடுத்து, மேட்சே கையை விட்டுப் போச்சு. அடுத்த மேட்ச்ல ஜெகதீசனை இறக்கினாங்க, 28 பந்துல 33 அடிச்சார். பெரிய இன்னிங்ஸ் இல்ல, ஆனா அன்னைக்கு நல்லா ஆடின ரெண்டு மூணு பேர்ல ஒருத்தர். அதுக்கு அடுத்த மேட்ச்ல அவரை உட்கார வெச்சாங்க. கொஞ்ச நாள்ல கேதார் திரும்ப வந்தார். ராஜஸ்தான்கிட்ட தோத்த அன்னைக்கு, இளைஞர்கள்கிட்ட அந்தப் பொறி தெரியலைன்னு தோனி சொன்னார். வாய்ப்பே கொடுக்காம பொறி எங்க தெரியும்? கமெண்ட்ரியில ஸ்ரீகாந்த் கொதிச்சார், நாங்க வீட்ல கொதிச்சோம். அந்த வருஷம் 7வது இடம். அதுவரைக்கும் ஆடின எல்லா சீசன்லயும் பிளே ஆஃப் போன டீம் முதல் தடவையா வெளிய நின்னது.

ஜெகதீசன் கதை அங்க முடியல. 2022 நவம்பர்ல சிஎஸ்கே அவரை விடுவிச்சது. ஒரே வாரம். விஜய் ஹசாரே கோப்பையில தொடர்ச்சியா 5வது சதம், அதுவும் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிரா 141 பந்துல 277. ஒரு நாள் போட்டிகள்ல உலக சாதனை. நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும், அவரை எடுத்த கொல்கத்தாவுக்கு ஐபிஎல்ல அவர் பெருசா ஆடிடல. எதிர்ல இருந்த பந்துவீச்சும் பலவீனம்தான். நிர்வாகத்து மேல நான் வைக்கிற குற்றச்சாட்டு அவர் சூப்பர் ஸ்டாருங்கிறது இல்ல. 5 வருஷம் பக்கத்துல வெச்சிருந்தும் அவர் யாருன்னு தெரிஞ்சுக்க முயற்சியே பண்ணலைங்கிறதுதான்.

சாய் கிஷோரும் அப்படித்தான். 2020, 2021 ரெண்டு சீசன் மஞ்சள் சட்டையில பெஞ்சுல உட்கார்ந்தார், ஒரு மேட்ச் கிடையாது. 2022ல குஜராத் போனார். அந்த வருஷ ஃபைனல்ல 20 ரன் கொடுத்து 2 விக்கெட், கையில கோப்பை.

நடுவுல 2021ல நாம கோப்பை ஜெயிச்சோம், மறக்கல. சொல்லப்போனா பிரச்சினையே அதுதான். ஏறக்குறைய அதே ஆட்கள், ஒரு வருஷத்துல 7வது இடத்துல இருந்து முதல் இடம். அப்புறம் யார் வந்து "மாத்துங்க"ன்னு சொல்ல முடியும்? என் வேலையில இதைத் தினமும் பார்க்கிறேன். 10 வருஷப் பழைய கோடு ஒண்ணு புரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டிருக்கும். ஓடுற வரைக்கும் அதைத் தொடுறவன் முட்டாள், நின்ன அன்னைக்குத் தொடாம இருந்தவன் முட்டாள்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவருக்கு கோடு புரியாது, ஆனா பாய்லர் புரியும். அவர் ரொம்ப வருஷம் வேலை பார்த்தது இங்க இருந்த முதல் அனல்மின் நிலையத்துல. சோவியத் உதவியோட கட்டினது, 1962ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது. 1970க்குள்ள 9 யூனிட், மொத்தம் 600 மெகாவாட். 90கள்ல அதுக்கு ஆயுள் நீட்டிப்பு வேலை பண்ணாங்க. கடைசியா 2020ல மூடினாங்க. 58 வருஷம் ஓடின நிலையம்!

"அப்போ பழசை ஓட்டினது தப்பா?"ன்னு கேட்டேன்.

"தப்பு இல்லடா. பழசுக்கு மெயின்டனன்ஸ் பண்ணி ஓட்டலாம், எங்க ஆளுங்க ஓட்டினாங்க. ஆனா அது ஓடிக்கிட்டிருக்கும்போதே அதுக்கு மாத்து ரெண்டு 500 மெகாவாட் யூனிட் எழும்பிக்கிட்டு இருந்துச்சு. இதை நிறுத்துறதுக்கு முன்னாடியே அங்க ஒரு யூனிட் ரெடி. உங்க ஆளுங்க என்ன கட்டினாங்க?"

உங்க ஆளுங்களாம். ஜெயிச்சா நம்ம ஆளுங்க.

2023ல அதுக்கான எச்சரிக்கை கண்ணு முன்னாடியே வந்தது, நாம கொண்டாட்டத்துல கவனிக்கல. அகமதாபாத் ஃபைனல். மோகித் சர்மாவோட கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா சிக்ஸும் ஃபோரும் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே மேட்ச்ல நம்ம பந்துவீச்சை 47 பந்துல 96 அடிச்சு நொறுக்கினது சாய் சுதர்சன், சென்னைப் பையன். குஜராத் அவரை 2022ல எடுத்த விலை 20 லட்சம். அன்னைக்குச் சென்னை டீமுக்காக ஆடினவங்கள்ல தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தரும் இல்ல. 2025ல அதே சுதர்சன் 759 ரன் அடிச்சு ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். நாம கடைசி இடம்.

2025க்கு வருவோம். ஏலத்துக்கு முன்னாடியே 5 பேரைத் தக்க வெச்சதுல 65 கோடி போயாச்சு. ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12. தோனி 4 கோடிக்கு. 5 வருஷமா சர்வதேச மேட்ச் ஆடலைன்னா அறிமுகம் ஆகாத ஆட்டக்காரரா கணக்கு வெச்சுக்கலாம்னு ஒரு விதி திரும்ப வந்தது, அதுல. உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் ‘அறிமுகம் ஆகாதவர்’. மிச்சப் பணத்துல 38 வயசு அஸ்வினுக்கு 9.75 கோடி. எனக்கு அஸ்வினை உயிரு. ஆனா அவரை விட்ட வருஷத்துக்கும் திரும்ப எடுத்த வருஷத்துக்கும் நடுவுல ஒரு தசாப்தம் இருக்கு. திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர்னு பட்டியல் போகுது. எல்லாரும் 30ஐத் தாண்டினவங்க, இல்லன்னா தொடப் போறவங்க. பவர்பிளேயில அடிச்சு ஆடுற இளம் பசங்களை மத்த டீமெல்லாம் அள்ளிக்கிட்டிருந்த வருஷம் அது.

மார்ச் 28, பெங்களூரு 2008க்கு அப்புறம் முதல் தடவையா சேப்பாக்கத்துல ஜெயிச்சது. 197 வேணும், தோனி 9வதா இறங்கினார். ஏப்ரல் 5, டெல்லி. அந்த மேட்சுக்கு நான் நேர்ல போயிருந்தேன்.

இதைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன், சொல்லிடுறேன். சனிக்கிழமை மத்தியான வெயில். இலக்கு 184. 11வது ஓவர்ல ஜடேஜா அவுட், ஸ்கோர் 74க்கு 5. மேட்ச் போயிடுச்சுன்னு அர்த்தம். ஸ்டேடியம் வெடிச்சது, சந்தோஷத்துல. ஏன்னா அடுத்து வர்றது தோனி. நானும் எழுந்து நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். நம்ம விக்கெட் விழுந்ததுக்கு! பக்கத்து சீட்ல ஒரு சின்னப் பையன் அவங்க அப்பாகிட்ட கேட்டான், "நாம ஜெயிக்கிறோமாப்பா?" கடைசியில 158க்கு 5. கையில 5 விக்கெட்டை வெச்சுக்கிட்டு 25 ரன்ல தோத்தோம். தோனி 26 பந்துல 30. அவர் மேல எனக்குக் கோபமே வரல. முழங்கால் பழைய மாதிரி இல்லைன்னு கோச் ஃப்ளெமிங்கே அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். ஓட்டுறவங்க மேலதான் கோபம். அப்புறம் ரயில்ல திரும்பும்போது, ஓட்டச் சொல்லிக் கத்துறவங்கள்ல நானும் ஒருத்தன்னு உறைச்சது. நாங்க டிக்கெட் வாங்குறதே அதுக்குத்தான்னு நிர்வாகத்துக்கு நல்லாத் தெரியும்.

மத்ததைச் சுருக்கமா முடிச்சுடுறேன். ருதுராஜ் முழங்கையில அடிபட்டு வெளிய, தோனி மறுபடி கேப்டன், கொல்கத்தாகிட்ட 103க்கு 9. ஹைதராபாத் முதல் தடவையா சேப்பாக்கத்துல ஜெயிச்சது. எல்லாம் முடிஞ்ச பிறகு, வேற வழியில்லாம, 17 வயசு ஆயுஷ் மாத்ரேயை இறக்கினாங்க. பெங்களூருக்கு எதிரா 48 பந்துல 94. உர்வில் படேல் முதல் மேட்ச்லயே 11 பந்துல 31. பிரேவிஸ் கடைசி மேட்ச்ல 23 பந்துல 57. அன்னைக்கு அதே குஜராத்தை 83 ரன்ல அடிச்சோம். பொறி இருந்தது மக்களே, யூனிட்டை ஆன் பண்ணத்தான் ஆள் இல்ல.

14 மேட்ச், 4 வெற்றி. நவம்பர்ல ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. டிசம்பர்ல அந்த 28.40 கோடி. 20 லட்சத்துக்குக் கிடைச்சிருக்கக்கூடிய வயசை இப்போ 14 கோடி கொடுத்து வாங்குறோம்னு சொன்னா அது கொஞ்சம் அநியாயமான வாதம்தான், ஏலத்துல விலை நம்ம கையில இல்ல. இருந்தாலும் சொல்றேன்.

ஏலம் முடிஞ்சதும் அப்பா டிவியை அணைச்சுட்டு சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த சீசனுக்கு டிக்கெட் கிடைச்சா சேப்பாக்கம் வர்றீங்களான்னு கேட்டேன். இதுவரைக்கும் அவர் ஸ்டேடியத்துல ஒரு மேட்ச்கூட பார்த்தது கிடையாது, எப்பவும் ஷிஃப்ட்தான். வர்றேன்னார், ஒரு கண்டிஷன் போட்டார்: "நம்ம ஆளு அவுட் ஆனா நீ பக்கத்துல உட்கார்ந்து கைதட்டக் கூடாது."

சரின்னு சொல்லியிருக்கேன். டிக்கெட் கிடைச்சா அந்தக் கதையை இங்க சொல்றேன்.