ஒன்றரை ஷிப்டும் எட்டு மணி நேர வரம்பும்: பின்னலாடைக் கறைநீக்கத்தில் ட்ரைகுளோரோஎத்திலீன்

நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனதால்தான் திருப்பூரின் சாயக்கழிவு நீர் பொது விவகாரமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இன்று திருப்பூரை அடுத்த அருள்புரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அதே தொழிலின் செக்கிங் மேசைகளில் எழும் கரைப்பான் ஆவிக்காக வழக்குப் போட ஆளில்லை. அதற்கும் சட்டத்தில் வரம்பு எழுதப்பட்டது. ஆனால் அந்த வரம்பு இங்குள்ள வேலை நேரத்தை அறியாதது என்பதே என் வாதம்.

நிட்டிங் மெஷினின் ஊசி எண்ணெய் துணியில் விட்ட கறை, பல நேரம் தைத்து முடித்த பிறகே கண்ணில் படும். ஸ்பாட் கன்னைக் கறைக்கு அருகே பிடித்து அழுத்தினால் கரைப்பான் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு நொடிகளில் ஆவியாகிறது. துணி காய்ந்துவிடும்; ஆவி, குனிந்து நிற்பவரின் மூக்கருகிலேயே நிற்கும். இதற்குப் பயன்படும் கரைப்பான்களில் ஒன்றான ட்ரைகுளோரோஎத்திலீனின் ஆவி காற்றைவிட நான்கரை மடங்கு கனமானது. மின்விசிறி அதை அறை முழுக்கப் பரப்புமே தவிர வெளியேற்றாது. துணி முகக்கவசம் தூசிக்குத்தான். ஆவியைப் பிடிக்கக் கரித்தூள் வடிகட்டி வேண்டும்.

ட்ரைகுளோரோஎத்திலீன் ஒருகாலத்தில் பிரசவ வலிக்கு மயக்க மருந்தாகக் கொடுக்கப்பட்ட பொருள். மாலையில் வரும் தலைச்சுற்றலை வெறும் அசதி என்று தள்ளக் கூடாது. இந்த ஆவியைச் சுவாசித்தவர் பிறகு மது அருந்தினால் முகம் திட்டுத்திட்டாகச் சிவக்கும். மருத்துவர்கள் கேட்டறிய வேண்டிய குறி இது. சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருப்பதால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கான தடை விதியை வெளியிட்டது.

போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987 திருத்தத்தின் வழியே தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த அட்டவணை, காற்றில் இந்த ஆவியை எட்டு மணி நேரச் சராசரியாக 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை அனுமதித்தது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பின் இன்றைய பரிந்துரை 10 பிபிஎம். திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் என்பதோ பன்னிரண்டு மணி நேரம். சுவாசிக்கும் நேரம் கூடுகிறது, உடல் நஞ்சைக் கழிக்கும் ஓய்வு நேரம் குறைகிறது. இவ்விரண்டையும் கணக்கில் எடுக்கும் பிரீஃப்–ஸ்காலா சூத்திரப்படி வரம்பு சரிபாதியாக வேண்டும்: 50 என்பது 25, 10 என்பது 5. சிறிய ஜாப் ஒர்க் கூடங்களின் நிலை இன்னும் மோசம். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை இருபதாக உயர்த்திவிட்டது.

முதல் தீர்வு கரைப்பானை மாற்றுவது. மாற்றும்வரை மேசையிலேயே ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு கட்டாயமாக வேண்டும். உடலில் ஏறிய அளவைச் சிறுநீரிலுள்ள ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் காட்டிவிடும். அது வாரம் முழுக்கச் சேர்வதால், வாரச் சம்பள நாளான சனிக்கிழமை மாலையே மாதிரி எடுக்க ஏற்ற நேரம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் ஈஎஸ்ஐ மருத்துவமனைகளும் சேர்ந்து இந்தப் பரிசோதனையை ஸ்பாட் கன் பிடிப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.