சவ்வரிசிக்காரங்க ஒன்று சேர்ந்த கதை

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னாங்க. எனக்குத் தெரிந்தது குச்சிக்கிழங்குதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினோரு வருசம் சேகோ மில்லில் கிழங்குத் தோல் சீவினவள் நான். குழு, வத்தல் வியாபாரம் எல்லாம் அப்புறம் வந்தது. அதனால் அந்த மில்லுங்க வந்த கதையையே எழுதுகிறேன்.

சென்னையில் புதுசாகத் தொழில் தொடங்குகிறவங்களை ஸ்டார்ட்அப் என்கிறாங்க. அவங்க அடிக்கடி கூடி, ஒருத்தருக்கொருத்தர் வழி சொல்லிக்கொள்வாங்களாம். என் மகள் அதை அதிசயமாகச் சொன்னாள். நம்ம சேலத்தில் இது 1943-லேயே நடந்திருக்கு. அப்ப நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான். 1997-இல்தான் தனி மாவட்டம் ஆனது.

உலகப் போர் நடந்த நேரம். கப்பலில் வந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோச்சு. சேலத்து மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரத்துக்காகக் கேரளா போய்வருகிறவர். அங்கே, மலேயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் பக்குவம் ஷாவுக்குத் தெரியும். இருவரும் சேலத்தில் தொடங்கினாங்க. முதலில் எல்லாம் கைவேலைதான். துணியில் பால் வடிகட்டி, மாவைத் தெளியவைத்து, துணியில் போட்டுக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்துக் காயப்போடணும். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் மெஷின் செய்து கொடுத்த பிறகுதான் வேலை சுருக்காக நடந்தது. வியாபாரம் தெரிந்தவர், பக்குவம் தெரிந்தவர், இரும்பு வேலை தெரிந்தவர் என்று மூணு பேர். தனியாக இருந்தால் மூணு பேராலும் முடிந்திருக்காது.

1944-இல் பஞ்சம். ஜவ்வரிசியை ஜில்லாவை விட்டு அனுப்பக்கூடாதென்று கலெக்டர் உத்தரவு. மில்காரங்க சங்கம் சேர்ந்து, சிவில் சப்ளைஸ் கமிஷனர் வரை போய் அதை ரத்து செய்ய வைத்தாங்க.

பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கமெல்லாம் மில்லுங்க வந்தன. செய்யத் தெரிந்தது, விற்பதில்தான் மாட்டிக்கிட்டாங்க. மூட்டை வைக்கக் குடோன் இல்லை, கையில் காசில்லை, வியாபாரி சொன்னதே விலை. அதுக்காகத்தான் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. குடோனில் மூட்டையை வைக்கலாம், சரக்கின் பேரில் முன்பணம் வாங்கலாம், டெண்டரில் விலை வரும்போது விற்கலாம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தக் கதையில் தோல் சீவின பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லை என்பது எனக்குக் குறைதான்.

இதை இப்ப ஏன் சொல்கிறேன்? நம்ம குழு ஜவ்வரிசி வத்தல் போட்ட முதல் வருசம், ஐப்பசி மழையில் டவுன் கடைக்காரர் ஒருத்தர், "வேணும்னா இந்த விலைக்குக் குடுங்க, இல்லீன்னா எடுத்துட்டுப் போங்க அம்மிணி" என்றார். வீட்டில் வைத்தால் நமுத்துப்போகும். குடுத்துட்டு வந்தோம். பஸ்ஸில் யாரும் பேசலை. அடுத்த வருசம் கூட்டமைப்பு அறை வாடகைக்குப் பிடித்தது. ஆறு குழு சரக்கும் அங்கே இருந்தது. தை பிறந்த பிறகு விற்றோம்.

போன மாசக் கூட்டத்தில் அறை வாடகை தண்டம், அவங்கவங்க வித்துக்கலாம் என்று ரெண்டு குழு சொன்னாங்க. அவங்க அந்த ஐப்பசிக்கு அப்புறம் சேர்ந்தவங்க. வர்ற கூட்டத்தில் முடிவு பண்ணுகிறோம். அந்த வருசத்துப் பில் நோட்டு என்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வருகிறேன்.