யாழ்ப்பாணத் தோம்பும் சனாதனனின் தோம்பும்

காணிகளையும் அவற்றை உடையோரையும் அரசு ஒழுங்காகப் பதிந்து பேணும் பேரேட்டுக்கு இலங்கைத் தமிழில் தோம்பு என்பது பெயர். இந்தப் பதிவுமுறை போர்த்துக்கேயரோடு தீவுக்குள் வந்து, ஒல்லாந்தர் ஆட்சியில் வேரூன்றி, பிரித்தானியர் காலத்து நீதிமன்றங்களில் உரிமைச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. அது வழக்கொழிந்து நெடுங்காலம் சென்றபின், 2011ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் உருவாக்கிய ஒரு நூலின் தலைப்பில் அச்சொல் மீண்டும் தோன்றியது. போரினால் வீடுவாசலை இழந்த 80 பேர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களைக் கொண்ட அந்நூலின் பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முற்றுப்பெறாத தோம்பு. இதனை ஒரு கலைஞரின் சொல்நயமாக மட்டும் கொள்வது போதாது. ஒரு சமூகத்தின் உடைமைகளை யார் பட்டியலிடுவது, எதற்காகப் பட்டியலிடுவது, எவற்றைச் சேர்த்து எவற்றை விடுவது என்னும் கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தில் நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குள் வைத்து நோக்கினால்தான் சனாதனனின் பணி எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

போர்த்துக்கேயர் கோட்டை இராச்சியத்தில் 1614ஆம் ஆண்டளவில் அன்தாவ் வாஸ் பிரெய்ரே என்னும் அதிகாரியின் பொறுப்பில் கிராமம் கிராமமாகக் காணிப் பதிவை மேற்கொண்டனர். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கைப்பட்டதைத் தொடர்ந்து அதே முறை வடக்கிற்கும் வந்தது. எந்த ஊரிலிருந்து எவ்வளவு வரி வரவேண்டும், எந்த நிலம் யாருக்கு மானியமாக விடப்பட்டது, கோயில் நிலம் எது, அரசன் நிலம் எது என்பனவற்றை அறிவதே அதன் நோக்கம். புதிதாக வந்த ஆட்சி தான் வென்ற நாட்டைத் தாளில் கண்டு புரிந்துகொள்ள முயன்ற முதற்படி அது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இம்முறையை மிகுந்த கண்டிப்புடன் வளர்த்தெடுத்தனர். காணிகளைப் பதிந்தது நிலத் தோம்பு. குடும்பங்களையும் ஆட்களையும் பதிந்தது தலைத் தோம்பு. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரே எழுதி வைத்தது பள்ளித் தோம்பு. ஒரு காணியின் பதிவில் உடையவரின் பெயரும் சாதியும், காணியின் பெயரும் பரப்பும், அதில் நின்ற பயன்தரு மரங்களும் இடம்பெற்றன. மரங்கள் எண்ணப்பட்டது வரிக்காக. ஆட்கள் எண்ணப்பட்டது தலைவரிக்காகவும், ஊழியம் எனப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைக்காகவும். ஆகவே குடிகள் இப்பேரேட்டை அஞ்சினர். எனினும் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதுவே காணிக்குக் காப்பு என்பதையும் அவர்கள் விரைவில் உணர்ந்துகொண்டனர். பிற்காலத்து வழக்குகளில் தோம்பின் பிரதியைத் தேடிப் பெற்று நீதிமன்றத்தில் முன்வைத்தவர்கள், தம் முன்னோரிடம் வரி அறவிட எழுதப்பட்ட ஏட்டையே தம் உரிமைக்குத் துணையாக்கிக் கொண்டனர். சுமத்தப்பட்ட ஓர் ஆவணத்தை மக்கள் தமக்கு உதவுமாறு திருப்பிக்கொண்ட இந்த நிகழ்வு, நெடுங்காலம் கழித்து ஓர் ஓவியர் செய்ததற்கு முன்னோடி என்று கருத இடமுண்டு.

உடைமையை வகைபிரித்து நோக்கும் பழக்கம் அரசால் மட்டும் வந்ததன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமையை ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் திசாவை என்னும் பதவியிலிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். அதன் தமிழாக்கத்தை 12 முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முன்னோர் வழி வந்த முதுசொம், மகளுக்குத் திருமணத்தின்போது கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் கணவனும் மனைவியும் ஈட்டிய தேடியதேட்டம் என உடைமையை அது மூன்றாகப் பகுத்தது. ஒரு பொருளின் மதிப்பை விலையால் மட்டுமன்றி அது எவ்வழியே கைக்கு வந்தது என்பதாலும் அளந்த சமூகத்தின் சிந்தனை இப்பகுப்பில் தெளிவாகத் தெரிகிறது. அதே தொகுப்பு மனிதர் சிலரை அடிமைகளாகக் கொண்டு அவர்களையும் உடைமைகளுள் வைத்துப் பேசுகிறது என்பதை மறைத்துவிட்டு அதன் பெருமையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. நிலமற்றவர்களும் பிறர் வளவில் குடியிருந்தவர்களும் தோம்பில் உடையவராக ஒருபோதும் எழுதப்படவில்லை.

தோம்பின் இடத்தைப் பின்னர் உறுதி பிடித்துக்கொண்டது. நொத்தாரிசு எழுதி ஒப்பமிடும் காணிப் பத்திரமே உறுதி. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை எடுத்து வாசித்தால், முதலில் இறை, கோவிற்பற்று என்னும் ஊர்ப்பிரிவுகள் குறிக்கப்பட்டு, காணியின் பெயர் சொல்லப்படும். ஏனெனில் அங்கு வளவு, கலட்டி, தோட்டம், புலம் என்று முடியும் ஒரு பெயர் ஏறத்தாழ ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உண்டு. அடுத்து 16 கொண்டது ஓர் ஏக்கராகும் பரப்பு என்னும் அளவில் விரிவு வரும். பின்னர் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கு எல்லைகளும், எல்லைக்கு அப்பால் இருக்கும் அயலவரின் பெயர்களும் வரும். இவற்றுக்குள் அடங்கிய நிலம், வீடு, கிணறு, நெடுநாள் நிற்கும் மரங்களாகிய வான்பயிர், நட்டு வளர்த்த செய்பயிர் அனைத்தும் என்று பத்திரம் நிறைவுறும். கிணறு பொதுவாயின் அதில் எத்தனை பங்கு என்பதும், தண்ணீர் அள்ளிச் செல்லும் வழி எது என்பதும்கூட விடுபடா. இத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட பத்திரத்தில், சாமியறையின் மூலையில் இருந்தது என்ன, எந்த மரத்தின் கீழ் பிள்ளைகள் விளையாடினர், குசினியின் பின்கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பனவற்றுக்கு இடமில்லை. சட்டம் அவற்றைக் கேட்கவில்லை. வீடு இருந்தவரை யாரும் அவற்றை எழுதிவைக்க வேண்டியிருக்கவுமில்லை.

அந்தத் தேவையைப் போர் உண்டாக்கியது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்தது. 1990இல் பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். பின்னர் உயர் பாதுகாப்பு வலயமான அந்நிலத்துக்கு அவர்களுள் பெரும்பாலோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்ப முடியவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேரமே அவகாசம் அளிக்கப்பட்டது, கையிலிருந்த நகையும் பணமும் பறிக்கப்பட்டன. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வந்த வேளையில் புலிகளின் அறிவிப்பையடுத்து வலிகாமத்து மக்கள் சில இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஓடும்போது எடுக்க ஏதுவாக அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை ஒரு பையில் இட்டு வாசலருகே வைத்திருப்பது வடக்கின் குடும்பங்களில் வழக்கமாயிற்று. எதனை எடுப்பது, எதனை விடுவது என்ற தெரிவில் தாளே பெரும்பாலும் வென்றது.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் தந்த இடைவெளியில்தான் இழந்தவற்றைப் பற்றிப் பொதுவெளியில் பேசும் வாய்ப்புக் கிட்டியது. 2004இல், மீளக் கட்டப்பட்ட பொது நூலகத்தில், 'அகம் புறம்' என்னும் கண்காட்சியின் பகுதியாகச் சனாதனன் 'ஹிஸ்டரி ஒஃப் ஹிஸ்டரீஸ்', அதாவது வரலாறுகளின் வரலாறு, என்னும் நிர்மாணக் கலைப்படைப்பை வைத்தார். நிர்மாணக் கலை என்பது ஓர் இடத்தையே படைப்பாக அமைத்துப் பார்வையாளரை அதனுள் நடக்கவிடும் வகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் அவர், குடாநாட்டின் வீடுகளிலிருந்து, மக்கள் தாமே முக்கியமெனக் கருதித் தெரிந்து கொடுத்த பொருள்களைத் திரட்டி அங்கே காட்சிக்கு வைத்தார். சந்தையில் விலைபோகாத, அருங்காட்சியகம் ஏறெடுத்துப் பாராத அன்றாடப் பொருள்கள் அவை. நூல்களையும் சுவடிகளையும் இழந்த கட்டடத்தில், வேறெங்கும் எழுதப்படாத வரலாறுகளைப் பொருள்களே தாங்கி நின்றன. இடத்தைத் தெரிந்ததிலேயே படைப்பின் பாதிப் பொருள் அடங்கியிருந்தது எனலாம். 2010இல் கனடாவின் வன்கூவர் நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்காக, அங்கு குடியேறிய இலங்கைத் தமிழர் தந்த பொருள்களைப் போத்தல்களில் இட்டு வீடு என்பதன் நினைவைக் கட்டமைத்தபோதும் அவர் அதே வழியைத்தான் பின்பற்றினார்: பொருளைத் தெரிபவரும் அதன் கதையைச் சொல்பவரும் மக்கள், சேர்த்து அடுக்கி ஒழுங்குபடுத்துபவர் கலைஞர்.

பொருளையே கொண்டுவர இயலாதவர்களிடம் என்ன கேட்பது என்பதற்கான விடையாக 2011ஆம் ஆண்டு நூல் அமைந்தது. வீடு வலயத்துக்குள் அகப்பட்டவருக்கோ, தரைமட்டமானவருக்கோ, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதியாக வாழ்ந்தவருக்கோ எஞ்சியது நினைவு மட்டுமே. ஆகவே தமிழரும் முஸ்லிம்களுமாகிய தமிழ் பேசும் மக்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு சனாதனன் கேட்டார். ஷார்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அதனை ஓர் அரசாங்க அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் வெளியிட்டது; கச்சேரிக்கும் முகாம் அலுவலகத்துக்கும் அலைந்து கோப்புகளின் முன் காத்துநின்ற மக்களின் கதைகளுக்கு அதைவிடப் பொருத்தமான அட்டை அமைந்திருக்க முடியாது.

நூலில் ஒரு வீடு மூன்று வடிவங்களில் வருகிறது. வீட்டுக்காரரின் கைப்படம் முதலாவது. அளவுகோல் பிடிக்காத, சில இடங்களில் கை தடுமாறிய அந்தக் கோடுகளில், எதனை மனம் பெரிதாக வைத்திருக்கிறதோ அது தாளிலும் பெரிதாகிறது. அறைகளுக்கு நிகராகக் கிணறும் மரமும் இடம் கொள்கின்றன. அதே வீட்டைக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படம் அடுத்தது. சுவர்கள் நேராகி, கோணங்கள் செங்கோணமாகி, திட்ட அனுமதிக்கு அனுப்பக்கூடிய ஒழுங்கை வீடு பெறுகிறது. அக்கதை தம்முள் எழுப்பிய உருவத்தைச் சனாதனன் உலர் பாஸ்டல் கட்டிகளால் தீட்டிய ஓவியம் மூன்றாவது. வீட்டை விட்டு நீங்கிய வரலாறு இவற்றோடு சுருக்கமாக எழுதப்பட்டுள்ளது. கைப்படத்திலிருந்து முறைப்படத்துக்குச் செல்லும்போது எது தெளிவாகிறது, எது விடுபடுகிறது என்பதை வாசகர் தாமே ஒப்பிட்டு அறிய முடிகிறது. பழைய தோம்பு எழுதியவர்களும் ஒவ்வொரு வளவின் முன்னும் நின்று இதே போன்ற ஒரு விடுபடலைத்தான் செய்தனர். கைப்படத்தை முதலாவதாக வைத்ததில் கலைஞரின் நிலைப்பாடு புலனாகிறது. மற்றொன்றும் கவனத்துக்குரியது. இந்தத் தோம்பில் பெயர் ஏற உறுதி தேவையில்லை, முதுசொமா சீதனமா என்ற வினா இல்லை. வாழ்ந்தவர் என்பதே தகுதி. ஒரே வன்முறையின் வெவ்வேறு கரங்களால் துரத்தப்பட்ட தமிழரின் வீடும் முஸ்லிமின் வீடும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து நிற்பது, அரசு ஆவணம் எதுவும் அன்று செய்யத் துணியாத செயல்.

பின்னர் சனாதனன் உருவாக்கிய 'கேபினெட் ஒஃப் ரெசிஸ்டன்ஸ்', அதாவது எதிர்ப்பின் பெட்டகம், என்னும் படைப்பில், நூலக அட்டைகளை அடுக்கும் இழுப்பறைப் பெட்டியின் வடிவை எடுத்துக்கொண்டு, போர்க்காலத்தில் மக்கள் தாக்குப்பிடித்த வழிகளை அவர் பதிந்தார். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் அருகிப்போன அக்காலத்தில், சில துளி எண்ணெயில் இரவெல்லாம் எரிந்த ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவால் இயங்கிய வானொலி, மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பச் சிறிது பெற்றோலைப் பீய்ச்சிய 'சூப்பி', துணி வெளுக்கப் பயன்பட்ட பனம்பழம் எனக் குடாநாடு தன் புத்தியால் பிழைத்தது. 

சட்டமும் மெல்ல அசைந்தது. ஒருவர் காணியை மற்றொருவர் 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் அது ஆள்பவருக்கே உரித்தாகும் என்னும் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டம், விரும்பி விட்டுச்சென்றவரையும் துரத்தப்பட்டவரையும் வேறுபடுத்தவில்லை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரின் காரணமாகத் தம் காணியை மீட்க வழக்குத் தொடர முடியாதிருந்தோருக்கு விலக்கு அளித்தது. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, வேலியும் வீடும் அழிந்த வெளியில் எல்லையைக் காண்பதே உரிமையாளருக்கு முதற்சோதனையாயிற்று.

ஒல்லாந்தரின் தோம்புகள் பிறப்பும் இறப்பும் பிரிவினையும் கைமாற்றமும் நிகழ நிகழ மறுபடி மறுபடி திருத்தி எழுதப்பட்டவை. அதற்கெனச் சம்பளம் பெற்ற எழுத்தரும் ஆணையாளரும் இருந்தனர். சனாதனனின் தோம்பைத் தொடர அத்தகைய அமைப்பு எதுவுமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கையும் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவையும் விட்டு நீங்கியபோது 30 வயதாயிருந்தவர்கள் இன்று 60ஐத் தாண்டிவிட்டனர். வன்னியில் 2009இல் போரின் முடிவில் அனைத்தையும் இழந்தவர்களின் வீட்டுப் படங்களும் வரையப்பட வேண்டியவை. ஒரு தாளும் பென்சிலும், பொறுமையாகக் கேட்கும் ஒருவரும் இருந்தால் ஊர்ப் பாடசாலையோ சனசமூக நிலையமோ இப்பணியை மேற்கொள்ள முடியும். பள்ளித் தோம்பை எழுதியவர்களும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள்தாம்.