எலக்ட்ரிக் கிட்டாரைச் செய்தவர்கள் யார்? படிக்க வேண்டிய சில புத்தகங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒருவர் லெஸ் பால் என்பார், இன்னொருவர் லியோ ஃபெண்டர் என்பார். இரண்டுமே சரியான பதில் இல்லை. அவர்களுக்கு முன்னும் பலர் இருந்தார்கள், அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களும் பலர் இருந்தார்கள். இந்த வரலாற்றை எழுதிய புத்தகங்களும் பெரும்பாலும் ஒரு கம்பெனியையோ ஒரு மனிதரையோ பிடித்துக்கொண்டு போகின்றன. அதனால் ஒரே புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பாதி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புத் தந்திக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, சுருளில் சிறு மின்சாரம் உண்டாகிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. இந்தச் சுருளுக்குப் பெயர் பிக்கப். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) கச்சேரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அவர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததும் பிக்கப் வைத்த எலக்ட்ரிக் மாண்டலின்தான்.

1. ரிக்கன்பேக்கர்: வாணலியில் தொடங்கிய கதை

ரிச்சர்ட் ஆர். ஸ்மித் எழுதிய 'தி ஹிஸ்டரி ஆஃப் ரிக்கன்பேக்கர் கிட்டார்ஸ்' (1987) தொடங்க நல்ல புத்தகம். 1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட் சத்தத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழவில்லை. இதைத் தீர்க்கப் பாடுபட்டவர் ஜார்ஜ் போஷாம் என்ற கிட்டார் கலைஞர். 1931இல் மரத்தில் ஒரு மாதிரி செய்யப்பட்டது. 1932இல் அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அதையே அலுமினியத்தில் வார்த்து விற்கத் தொடங்கினார்கள். வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு 'ஃபிரையிங் பேன்', அதாவது வாணலி என்று பெயர் வந்தது. 1934இல் கேட்ட காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. அதற்குள் மற்ற கம்பெனிகளும் எலக்ட்ரிக் கிட்டார் விற்க ஆரம்பித்துவிட்டன. 1936இல் கிப்சன் கம்பெனியின் ஈ.எஸ்.-150 வந்துவிட்டது. போஷாம் பெயர் இன்று அதிகம் பேசப்படாததற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

2. ஹவாய்: மறந்துபோன தொடக்கம்

அந்த வாணலி, இன்று மேடையில் தோளில் மாட்டும் கிட்டார் இல்லை. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்தி மேல் சறுக்கி வாசிக்கும் ஹவாய் கிட்டார். நம் ஊர் கோட்டுவாத்தியம் போலத்தான். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த அந்த வாத்தியத்திலும் மெட்டுகள் கிடையாது, கட்டையைச் சறுக்கித்தான் ஸ்வரம் பிடிப்பார்கள்.

ஜான் டிரவுட்மன் எழுதிய 'கீகா கீலா' (2016) இந்த ஹவாய் பகுதியைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகூகு என்ற ஹவாய் இளைஞர் இந்த முறையை உருவாக்கினார் என்பதே டிரவுட்மன் வந்து சேரும் முடிவு. ஆனால் இதே பெருமைக்கு இன்னொரு பெயரும் சொல்லப்பட்டிருக்கிறது: கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஹொனலூலு போய்ச் சேர்ந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. உடனே 'கிட்டாரும் நம்முடையதே' என்று சொல்லிவிட முடியாது, ஆதாரம் அவ்வளவு பலமானது இல்லை. ஆனாலும் எலக்ட்ரிக் கிட்டாரின் கதை கலிபோர்னியாவில் மட்டும் தொடங்கவில்லை என்பது இந்தப் புத்தகத்தைப் படித்தால் தெளிவாகும்.

3. ஃபெண்டரும் லெஸ் பாலும்

கதை போல விறுவிறுப்பாக ஒன்று வேண்டும் என்றால் இயன் எஸ். போர்ட் எழுதிய 'தி பர்த் ஆஃப் லவுட்' (2019). லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை! லெஸ் பால் புகழ்பெற்ற கலைஞர். 1940 வாக்கில் ஒரு பைன் மரக்கட்டையில் தந்தி கட்டி 'லாக்' என்ற கருவியைச் செய்தவர். உள்ளே கூடு இல்லாத கெட்டி மரத்தில் ஃபெண்டர் 1950இல் கொண்டுவந்த மாடல்தான் 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1952இல் கிப்சன் கம்பெனி லெஸ் பால் பெயரிலேயே ஒரு கிட்டாரை வெளியிட்டது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1965இல் ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார்.

4. பெயர் பலகையில் இல்லாதவர்கள்

ஃபெண்டர் கிட்டார் ஒவ்வொன்றையும் லியோ ஃபெண்டரா செய்தார்? இல்லை. 1950களின் கிட்டார் கழுத்துகளில் 'டி.ஜி.' என்று பென்சிலில் எழுதியிருக்கும். அது தடேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் கையெழுத்து. 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றினார். ஒரு பிக்கப்புக்கு ஏழெட்டாயிரம் சுற்று. கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றும்போது ஒன்று போல் இன்னொன்று அமையாது. பழைய கிட்டாரின் 'குரல்' என்று இன்று லட்சக்கணக்கில் விலை பேசப்படுவதில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

இந்த விஷயத்தில் படிக்கவேண்டியது ஜான் தாமஸ் எழுதிய 'கலமஸூ கேல்ஸ்'. இரண்டாம் உலகப் போரின்போது கிட்டார் செய்யவில்லை என்றே கிப்சன் தரப்பில் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் கலமஸூ தொழிற்சாலையின் முன்னால் பெண்கள் கூட்டமாக நிற்கும் ஒரு 1944 புகைப்படம் தாமஸ் கண்ணில் பட்டது. அதில் இருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசி, ஆண்கள் போருக்குப் போன காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கான கிட்டார்களைச் செய்ததை அவர் எழுதினார். அவை எலக்ட்ரிக் இல்லை, சாதாரண கிட்டார்கள்தான். ஆனால் ஒரு கம்பெனி சொல்லும் வரலாற்றை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

5. மரம் எங்கிருந்து வந்தது?

கிட்டாரில் விரல் வைக்கும் பலகை பெரும்பாலும் ஈட்டி மரம். 1960களில் பிரேசில் ஈட்டி கிடைப்பது குறைந்ததும் அந்த இடத்துக்கு வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இந்திய ஈட்டி. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டு எடுத்துப்போனதும் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைத்தான். 2012இல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அது மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. இந்தியப் பலகைகள் திருப்பித் தரப்பட்டன. 2017இல் ஈட்டி இனங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. கிறிஸ் கிப்சன், ஆண்ட்ரூ வாரன் இருவரும் எழுதிய 'தி கிட்டார்' (2021) தொழிற்சாலையிலிருந்து மர அறுவை மில் வழியாகக் காடு வரை பின்னோக்கிப் போகிறது.

எந்த வரிசையில் படிப்பது?

முதலில் 'தி பர்த் ஆஃப் லவுட்', ஏனென்றால் அது படிக்க எளிது. அடுத்து 'கீகா கீலா', பிறகு 'கலமஸூ கேல்ஸ்', கடைசியில் 'தி கிட்டார்'. ஸ்மித்தின் புத்தகம் காப்புரிமை, மாடல் விவரம் வேண்டுபவர்களுக்கு. இந்த வரிசையில் போனால் முதலாளி, கலைஞர், தொழிலாளி, மரம் என்று கதை கீழே கீழே இறங்கும்.

இதைப் புரிந்துகொள்ள முசரவாக்கத்துக்காரர்கள் அமெரிக்கா போகவேண்டியதில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் போதும். புடவை கடையின் பெயரில்தான் விற்கிறது. தறியில் உட்கார்ந்தவர் பெயரும், வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. அபிகேல் இபாரா சுற்றியது செம்புக் கம்பி, இவர்கள் சுற்றுவது பட்டு நூல். கலமஸூ பெண்களைத் தேடிப்போய்ப் பேச ஒருவர் வந்தார். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வந்ததால்தான் அந்த வரலாறு கிடைத்தது.