தலைமன்னார்த் தூண்களும் ஒரு ஈர்க்கும்

தலைமன்னார் பழைய இறங்குதுறையின் இரும்புக் கால்கள் இண்டைக்குத் துருவேறி நிற்கின்றன. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தனுஷ்கோடியில் கப்பலேறியவர்கள் இங்கே இறங்கித்தான் கொழும்பு ரயிலைப் பிடித்தார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை யுத்தம் நிறுத்தியது. 2015இல் ரயில் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது, கப்பல் வரவில்லை. கப்பல் பேச்சு எழும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கேள்வி: பழைய துறையைத் திருத்தினால் போதுமா, அந்தக் கால்கள் எவ்வளவு பாரம் தாங்கும்?

தூண் எப்ப நெளியும் எண்டு விளங்கிக்கொள்ளவே மனிதருக்கு 200 வருசம் பிடித்தது.

ஒரு ஈர்க்கை நிலத்தில் ஊன்றி மேலிருந்து அமத்திப் பாருங்கோ. நசியாது, பக்கமாக வளையும். கையை எடுத்தால் நிமிரும். பாதியாக்கி அமத்தினால் ஏறக்குறைய நாலு மடங்கு பாரம் வேணும். இந்தக் கணக்கை 1744இல் ஒய்லர் எழுதினார்.

ஆனால் எல்லாத் தூண்களும் ஈர்க்குப் போல மெலிந்தவை அல்ல. கட்டையான தூணில், நெளிவதற்கு முதலே இரும்பு தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டிவிடும். அங்கே அதன் விறைப்பு குறைவதால், ஒய்லர் சொன்ன பாரம் ஏறுமுன்பே தூண் நெளியும். பாரத்தை எடுத்தாலும் முழுசாக நிமிராது.

1889இல் ஜெர்மன் பொறியியலாளர் எங்கெஸ்ஸர், அந்தக் குறைந்த விறைப்பையே கணக்கில் போடச் சொன்னார். மற்றவர்கள் குறை காட்ட, 1895இல் கூடுதல் பாரத்தைத் தரும் கணக்குக்கு மாறினார். சோதனையில் தூண்களோ முதல் கணக்குக்குக் கிட்டவே நெளிந்தன. காரணத்தை 1947இல் ஷான்லி சொன்னார்: பாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே தூண் வளையத் தொடங்கிவிடுகிறது.

இதற்கிடையில், 1907 ஓகஸ்ட் 29இல் கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே விழுந்து 75 தொழிலாளர் இறந்தார்கள். பாலத்தின் சொந்த நிறையையே குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அமுக்கம் தாங்கிய உறுப்புகள் நெளிந்திருந்ததைச் சில நாள் முதலே கண்டும், அது பழைய வளைவா புதிசா எண்டு வாதாடுவதிலேயே நேரம் போனது.

உப்புக் காற்று இரும்பின் தடிப்பைத் தின்கிறது. தடிப்புக் குறைந்தால், தாங்கும் பலமும் வளைவை எதிர்க்கும் விறைப்பும் சேர்ந்தே குறையும். நூறு வருசம் நின்ற தூண் நாளைக்கும் நிற்கும் எண்டு யாரும் உறுதி சொல்ல ஏலாது. கப்பல் வரட்டும், எங்களுக்கும் ஆசைதான். அதற்கு முதல் துருவைச் சுரண்டி மிச்சத் தடிப்பை அளக்க வேணும். வளைந்த கால்களைக் குறித்துவைக்க வேணும்.