நிக்கோபாரியும் பள்ளியும்: ஒரு வரலாற்று நோக்கு

கார் நிக்கோபார்த் தீவின் பள்ளிக் கல்வி மூஸ் என்னும் ஊரில் வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குப் பணியாற்றிய வேதப்பன் சாலமன் ஒரு தமிழர்; அவரிடம் பயின்ற சிறுவரே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். ரிச்சர்ட்சன் பர்மாவில் கல்வி பெற்றுத் திரும்பி ஆசிரியரானார். 1925இல் ஒயிட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபாரி அகராதி இரங்கூனில் அச்சேறியது. ரிச்சர்ட்சனின் உழைப்பால் புதிய ஏற்பாடு 1950இல் அம்மொழியில் வெளிவந்தது. ஆக, உரோமன் எழுத்திலான நிக்கோபாரி உரைநடை பாடநூலால் அன்று, மொழிபெயர்ப்பால் நிலைபெற்றது எனலாம். இது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி.

அந்தமானில் தமிழ், வங்காளம், தெலுங்கு ஆகியவற்றைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் தோன்றின. அம்மொழிகளுக்குப் பெருநிலத்தில் நூல்களும் கலைச்சொற்களும் உண்டு. ஆஸ்திரோ-ஆசிய இனத்ததாகிய நிக்கோபாரிக்கு அத்தகைய புறத்துணை இல்லை. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு கூறுகிறது. ஆனால் பாடநூலை எழுதுவோர் யார் என்பதைச் சட்டம் சொல்வதில்லை.

மயாமியின் கோரல் வே பள்ளியில் 1963இல் தொடங்கிய இருமொழிக் கல்வி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு ஸ்பானியக் குழந்தைகள் ஆங்கிலம் கற்றதோடு, ஆங்கிலக் குழந்தைகளும் ஸ்பானியம் கற்றனர். சிறுபான்மை மொழியைப் படிக்கட்டாக மட்டும் கொள்ளும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. அம்முறை கார் நிக்கோபாரில் அமைய வேண்டுமாயின், அங்கு வாழும் தமிழ்க் குழந்தையும் நிக்கோபாரி கற்க வேண்டும். சாலமனின் மாணவர் மேற்கொண்ட பயணம் அப்பொழுதுதான் மறுதிசையிலும் நிகழும்.