நஸ்ருலின் மருத்துவர்

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1870இல், திருவனந்தபுரத்தில் மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லை விழுந்தது. மனநோயைப் பற்றிய எண்ணத்தில் மட்டும் எல்லை விழவில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்தால் அது வெளியே சொல்லக்கூடாத நோய். அதே நோய் கவிஞருக்கோ பாடகருக்கோ வந்தால் வரம். அந்தப் பித்துதான் பாட்டைத் தந்தது என்பார்கள். முதல் எண்ணம் நோயாளியை மறைக்கிறது. இரண்டாவது எண்ணம் அவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்கிறது. இரண்டும் ஒரே அளவு கொடியவை என்பதே என் வாதம்.

கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) இதற்கு நல்ல சான்று. 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, தனக்கு ஒப்பாத இடங்களில் அவரோடு துணிந்து வாதிட்டார். 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்குப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலுக்கு வருபவர் நுழையும் அதே வாசலில் மனம் நொந்தவரும் நுழையலாம் என்று ஆனதைவிடப் பெரிய காரியத்தை அவர் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவரே குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். அண்ணன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்ற பெயரில் எழுதிய பெரும் நகைச்சுவை எழுத்தாளர். எழுதுகிறவர்களின் வாழ்க்கை வீட்டுக்குள்ளிருந்தே அவருக்குத் தெரியும்.

1940இல் அவர் முயற்சியில் உருவான லும்பினி பார்க் மனநல மருத்துவமனைக்கு 1942இல் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமைக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான பாடல்கள் இயற்றியவருக்கு 43 வயதில் பேச்சு குழறி, நினைவு நழுவியது. சில மாதச் சிகிச்சையில் பலனில்லை. 1953இல் வியன்னா மருத்துவர்கள் அது மூளை சிதையும் பிக் நோய் என்றார்கள். 1976இல் இறக்கும்வரை, 34 ஆண்டுகள், அவர் எழுதவில்லை. நோய் கவிதையைத் தரும் என்றால் இந்த ஆண்டுகள் ஏன் வெறுமையாய்க் கிடந்தன? மூளைச்சிதைவைப் பித்தோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம், சரியான கேள்வி. ஆனால் 1942இல் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பிரித்துச் சொல்ல மருத்துவர்தான் வேண்டியிருந்தது. கிரீந்திரசேகரால் குணப்படுத்த முடியவில்லையே என்றால், அந்த நோயை அன்று எவராலும் குணப்படுத்த முடியவில்லை; இன்றும் முடியவில்லை.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு கேரளத்திலேயே உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் 'பாத்தும்மாவின் ஆடு' நாவலை எழுதியது 1954இல், மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில். அப்படியானால் பித்து எழுதியதா? நாவலைப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. கூட்டுக்குடும்பத்தின் சச்சரவும், பணத்துக்கு நச்சரிக்கும் உறவுகளும், பஷீரின் புத்தகங்கள் வரை கண்டதையெல்லாம் தின்னும் ஆடும் அதில் அத்தனை தெளிவு; ஒவ்வொருவரையும் தள்ளி நின்று பார்க்கும் நிதானம். மருந்தும் பத்தியமும் ஓய்வும் திருப்பிக் கொடுத்த நிதானம் அது என்றே நான் கொள்கிறேன். 1959இல் நூல் வந்தபோது தன் நோயையும், திருச்சூரில் தன்னைப் பார்த்த வல்லப்புழை வைத்தியரையும் பஷீர் முன்னுரையிலேயே எழுதினார்.